புலம்பலும் வழக்கும்: வாழ்க்கைத் துணையை இழந்தோர் பாடல் மரபு – ஒரு வரலாற்று நோக்கு

தமிழிசையின் வரலாறு பற்றி இதுகாறும் வெளிவந்த நூல்களை நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை கோயிலிலும் அரசவையிலும் பிற்காலத்துச் சபாக்களிலும் ஒலித்த இசையையே தமது பொருளாகக் கொண்டுள்ளமையைக் காணலாம். இழவு வீட்டில் ஒலித்த இசைக்கு அந்நூல்களில் இடமில்லை. அது அமங்கலமானது என்ற கருத்து இதற்கு ஒரு காரணம். அது பெண்களின் அழுகையேயன்றி இசையாகாது என்ற கருத்து மற்றொரு காரணம். ஆயின், ஒரு வீட்டிற் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒருங்கே ஒலிப்பதைப் பாடிய பக்குடுக்கை நன்கணியார் (புறநானூறு 194) இவ்விரண்டையும் ஒரே உலகின் இரு ஓசைகளாகவே கேட்டார். அவருக்குக் கேட்ட இரண்டில் ஒன்றை மட்டுமே பிற்கால இசை வரலாறு பதிவு செய்தது.

வாழ்க்கைத் துணையை இழந்தோர், சிறப்பாகக் கணவனை இழந்த பெண்கள், பாடிய அல்லது அவர்கள் பெயராற் பாடப்பட்ட பாடல்களின் வரலாற்றை இக்கட்டுரையிற் சுருக்கமாக ஆராய்வோம். இம்மரபை வெறும் உணர்ச்சி வெளிப்பாடாகக் கொள்ளுதல் போதாது என்பதே எமது கருத்தாகும். அது தொன்றுதொட்டு ஒரு வழக்குரையாகவும் இருந்து வந்துள்ளது. இறந்தவனை விளித்துப் பாடும் பெண், அதே மூச்சில், எஞ்சியிருக்கும் சமுதாயத்தை நோக்கித் தன் முறைப்பாட்டையும் முன்வைக்கின்றாள்.

1. வீரயுகப் பாடல்களிற் புலம்பல்

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையின் துறைகளை வகுக்குமிடத்து, மனைவியை இழந்த கணவனது தனிமையைத் தபுதாரநிலை என்றும், கணவனை இழந்த மனைவியின் நோன்பு வாழ்வைத் தாபதநிலை என்றும், சுரத்திடையே கணவனை இழந்தவள் தனித்துப் புலம்புதலை முதுபாலை என்றும் பெயரிடுகின்றது. இலக்கண மரபு இருபாலாரின் துயருக்கும் பெயர் வழங்கியுள்ளது. எனினும் அப்பெயர்களின் பொருளை ஊன்றி நோக்கின் ஒரு வேறுபாடு புலப்படும். ஆணுக்குக் கூறப்பட்டது ஒரு மனநிலை. பெண்ணுக்குக் கூறப்பட்டது ஒரு வாழ்க்கை விதி.

இவ்வேறுபாட்டைப் புறநானூற்றில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ள இரு பாடல்கள் மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. 245ஆம் பாடல் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவி இறந்தபோது பாடியது. அவள் ஈமத்தீயிற் கிடக்கத் தான் இன்னும் உயிரோடிருத்தலை எண்ணி அவன் நாணுகின்றான். அவனது துயர் உண்மையானது. ஆனால் அவன் அத்துயரை எவருக்கும் விளக்க வேண்டியவனல்லன். மறுநாளும் அவன் அரசனே. 246ஆம் பாடல் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. அவள் தன்னைத் தடுக்கும் சான்றோரை விளித்துப் பேசுகின்றாள். நெய்யற்ற சோற்றுப் பிண்டமும், எள் துவையலும், வேக வைத்த வேளைக்கீரையும் உண்டு, பாயின்றிப் பரற்கற்களின்மேற் படுத்திருக்கும் கைம்மை வாழ்வினை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறி, அதனை ஏற்கத் தான் உடன்படவில்லை என்கின்றாள். ஈமப்படுக்கையும் தாமரைக்குளமும் தனக்கு ஒன்றே என்று அவள் முடிப்பதைக் கற்பின் திறமாகவே உரையாசிரியர்களும் பிறரும் போற்றி வந்துள்ளனர். பாடலின் கட்டமைப்பை நோக்கும் எமக்கோ, அது ஓர் அவையின்முன் நிகழ்த்தப்பட்ட வாதமாகவும் தோன்றுகின்றது. கைம்மை நோன்பு எத்தகையது என்பதற்கு அவள் தரும் பட்டியல் ஒரு சாட்சியமாகும். அவ்வாதத்தின் முடிவு அவளது சாவாக அமைந்தமை, அவள் முன்னிருந்த வழிகள் எத்துணைக் குறுகியவை என்பதையே உணர்த்துகின்றது. உடன்கட்டையைப் புகழ்வோர் இச்சாட்சியத்தை மறந்துவிடுகின்றனர்.

அந்நோன்பு வாழ்வின் பொருளியற் பக்கத்தைப் பிற பாடல்களும் காட்டுகின்றன. இளமையில் தழையாடையாக அணிந்த ஆம்பல், கணவன் இறந்தபின் அல்லியரிசி உணவாயிற்று என 248ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தனார் கூறுகின்றார். கூந்தல் களைந்து, வளை நீக்கி, அல்லியுணவு கொள்ளும் மனைவியைத் தாயங்கண்ணியார் 250ஆம் பாடலிற் பாடுகின்றார். நெல் விளையும் நிலத்தின் பயனிலிருந்து இப்பெண் விலக்கப்பட்டு, குளத்தில் தானே விளைவதை உண்ண விடப்படுகின்றாள் என்பது இங்கு நோக்கற்பாலது.

இத்துயருக்கென ஓர் இசையும் இருந்தது. அதுவே விளரி. 260ஆம் பாடலில் வடமோதங்கிழார் காட்டும் பாணன் வேறொரு பண்ணை எழுப்ப முயன்றும், யாழ் நரம்பு தானே திரிந்து விளரியாக ஒலிக்கின்றது. கூந்தல் விரிந்த மனையோளையும் அவன் காண்கின்றான். தலைவன் இறந்த செய்தி பின்னர் வருகின்றது. 291ஆம் பாடலில், களத்தில் வீழ்ந்த கணவன் அருகே நிற்கும் பெண் துடியரையும் பாடுவோரையும் அழைத்துப் பறவைகளை ஓட்டுமாறு கூறி, தான் விளரி பாடி நரிகளை ஓட்டுவதாகச் சொல்கின்றாள். இவ்விரு பாடல்களையும் ஒருசேர நோக்கின், விளரி பாணர்க்கு மட்டும் உரிய கலையாக இருக்கவில்லை என்பது தெளிவாகும். தொழிற்கலைஞனும் துயருற்ற மனைவியும் ஒரே பண்ணைப் பகிர்ந்து கொண்டனர். சான்றோர் செய்யுட்கள் வாய்மொழி மரபிற் பிறந்தவை என்பதைப் பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் ஒக்ஸ்போட் வெளியீடாக வந்த தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலில் நிறுவினார். அவ்வாய்மொழி மரபினுள் பெண்களின் புலம்பலும் ஒரு மூலவூற்றாக இருந்திருத்தல் கூடும் என்று கருதுவது பொருத்தமானதே.

2. புலம்பல் வழக்குரையாதல்: கண்ணகி

புலம்பலுக்கும் வழக்குக்கும் உள்ள உறவு சிலப்பதிகாரத்தில் வெளிப்படையாகின்றது. அந்நூலின் 18ஆம் பகுதி துன்பமாலை; 19ஆவது ஊர்சூழ்வரி; 20ஆவது வழக்குரை காதை. இவ்வரிசையே எமது கருத்துக்கு வலுவூட்டுவதாகும். துன்பமாலையிற் கண்ணகி, கணவனை இழந்து நோன்பு நோற்றும் நீர்த்துறைகளில் மூழ்கியும் துயருறும் மகளிரைப் போலத் தானும் வருந்தி அழிவதோ என மீண்டும் மீண்டும் வினவுகின்றாள். பெருங்கோப்பெண்டு மறுத்த அதே வாழ்வையே இவளும் மறுக்கின்றாள். ஆயின் இவள் தீப்புகவில்லை. ஊரைச் சுற்றி வருகின்றாள். இவ்வூரிற் பெண்டிரும் சான்றோரும் தெய்வமும் உளரோ என்று ஊர்சூழ்வரியில் அடுக்கடுக்காகக் கேட்கின்றாள். ஒரே வினா சிறு மாற்றங்களுடன் மடங்கி வரும் இவ்வமைப்பு வாய்மொழிப் புலம்பலுக்கே உரியது. இளங்கோவடிகள் அதனை மக்கள் பாடலிலிருந்து எடுத்து ‘வரி’ என்னும் இசைப்பாட்டு வடிவத்தில் அமைத்தார். அதன் பின்னரே அவள் கையிற் சிலம்புடன் அரசவை புகுகின்றாள்.

பிற்காலத்தில் நிலமானியச் சமுதாயம் வலுப்பெற்ற சூழலில் எழுந்த காவியத்தில் இந்நிலை மாறியது. கம்பரின் மண்டோதரி இராவணன் உடல்மீது வீழ்ந்து புலம்பி, அவனைத் தழுவியவாறே உயிர் நீக்கின்றாள். கவிதை என்ற வகையில் அப்பகுதி ஈடிணையற்றது. ஆனால் அப்புலம்பல் எவரையும் வழக்குக்கு அழைக்கவில்லை. அவளது சாவோடு அது நிறைவுறுகின்றது.

கண்ணகியின் வழக்கோ ஈழத்தின் கிழக்குக் கரையிற் பாட்டாகவே நிலைபெற்றது. மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசி மாதச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுவதும், இறுதியில் அம்மனின் வெம்மை தணியக் குளிர்த்திப் பாடல் பாடப்படுவதும் யாவரும் அறிந்தவை. சிங்கள மக்களிடையே வழங்கும் பத்தினி வழிபாட்டிற் கணவன் பாலங்க கொலையுண்டு மீண்டும் உயிர்பெறுவதை ‘மர இபத்தீம’ என்னும் சடங்கு நாடகம் நடித்துக் காட்டும். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி தெய்வம் பற்றிய பெருநூல் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளது. கணவனை இழந்த ஒரு பெண்ணின் முறைப்பாட்டை இந்நாட்டின் இரு மொழி மக்களும் தத்தம் இசையிற் பாடி வந்துள்ளனர் என்பது, இனங்களைப் பிரித்தே வரலாறு எழுதுவோர் சிந்திக்க வேண்டியதாகும்.

3. ஒப்பாரியும் அதன் சமூகத் தளமும்

காவியத்திற்கு வெளியே, ஏட்டில் எழுதப்படாது வாழ்ந்த மரபே ஒப்பாரி. ஒப்பு என்னும் அடியாகப் பிறந்த இச்சொல்லுக்கு ஒப்புமை என்பதும் ஒரு பொருள். யாழ்ப்பாணத்தில் ‘ஒப்புச் சொல்லி அழுதல்’ என்னும் வழக்கு இன்றும் உண்டு. இறந்தவனை உயர்ந்த பொருள்களுக்கு ஒப்பிட்டும், தன் முன்னைய நிலையையும் இன்றைய நிலையையும் ஒப்பிட்டும் பாடுதலே இதன் உயிர்நாடி.

இதன் இசையமைதி எளிமையானது, ஆனால் ஒழுங்கற்றதன்று. விளியொன்றை உயர்ந்த சுருதியில் நீட்டித் தொடங்கி, படிப்படியாக இறங்கி, தாழ்ந்த சுரத்தில் விம்மலாக முடிவது இதன் பொது இயல்பு. சுரங்களின் எல்லை குறுகியது. தாளத்தின் இடத்தை மூச்சு பெறுகின்றது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வட்டமாக அமர, ஒருத்தி சொல்லத் தொடங்குவாள். மற்றவர்கள் அடியின் இறுதியில் இணைவர். ஒருத்தி ஓய மற்றொருத்தி தொடர்வாள். வீட்டினுள்ளே இக்குரல் எழ, படலைக்கு வெளியே பறைமேளம் தனக்குரிய தாளத்தில் ஒலிக்கும். உள்ளும் புறமும் எழும் இவ்விரு ஓசைகளும் ஒன்றுக்கொன்று சுருதி சேர்வதில்லை; எனினும் இரண்டும் சேர்ந்ததே சாவீட்டின் இசை.

ஒப்பாரியிற் பேசப்படுவது யாது? பூவும் பொட்டும் தாலியும் இழந்தமை மட்டுமன்று. தமையன் வீட்டில் தான் பெறப்போகும் இடம், மைத்துனர் நடத்தும் முறை, பிள்ளைகளின் பங்கு, வராத உறவினர், வந்தும் வாளாவிருக்கும் உறவினர் ஆகிய யாவும் அதில் இடம்பெறும். மற்றெந்த நாளிலும் ஆடவர் முன்னிலையில் அவள் கூற இயலாதவற்றை அன்று கூறலாம். அதனை எவரும் குற்றமாகக் கொள்வதில்லை. இசபெல் கிளார்க்-டெசஸ் 2005இல் தமிழ்நாட்டு இழவுச் சடங்குகள் பற்றி வெளியிட்ட ஆங்கில நூலுக்கு ‘இறந்தோருக்காக எவரும் அழுவதில்லை’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். அழுபவள் தன் துயரையே அழுகின்றாள் என்பதை அது உணர்த்தும். அதனை நாம் ஏற்கின்றோம். ஆயின் அத்துயர் தனிமனிதத் துயர் மட்டுமன்று; சொத்துறவுகள் அதனைத் தோற்றுவித்தன என்பதையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.

சட்ட வரலாறு இதற்குச் சான்று தருகின்றது. இந்தியாவில் 1937ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, பிரிக்கப்படாத இந்துக் கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்தவளுக்குப் பொதுவாக வாழ்க்கைப்படி பெறும் உரிமை மட்டுமே இருந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த உரிமையையே வழங்கியது; முழுவுடைமை 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தினாலேயே கிட்டியது. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பகுத்தது; கைம்பெண்ணின் மறுமணத்தையும் அது கருத்திற் கொண்டுள்ளது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமைகளைப் புதிதாக வரையறுத்தது. சீதனமாகப் பெற்ற வீடு பெண்ணுக்கே உரியதாகவிருந்த யாழ்ப்பாணத்திற் கணவனை இழந்தவள் தன் வீட்டிலேயே இருந்தாள். சட்டம் அவளுக்கு ஓரளவு நிலத்தை அளித்தது. ஆனால் நல்ல காரியங்களில் முன்னிற்கும் உரிமையை வழக்கம் அவளிடமிருந்து பறித்துக் கொண்டது. சட்டத்திற்கும் வழக்கத்திற்கும் இடைப்பட்ட இவ்விடைவெளியிலேதான் அவளது ஒப்பாரி நின்றது. மனைவியை இழந்த ஆணுக்கு இத்தகைய இழப்பு எதுவும் நேராமையால், தபுதாரநிலை மக்களிசையில் ஒரு மரபாக வளரவில்லை.

4. எவருடைய குரல்?

சாவீட்டின் இசை சாதியமைப்போடும் பிணைந்திருந்தது. பறைமேளம் ஒரு சாதியினரின் குடிமைக் கடமையாக்கப்பட்டது. துயருற்றோரின் வீட்டு வாசலில் நின்று அத்துயருக்கு ஓசை கொடுத்தவர்கள் அவ்வீட்டினுள் நுழைய முடியாதிருந்தனர். அக்கரைப்பற்றுப் பகுதிப் பறைமேளக் கலைஞர் பற்றி டெனிஸ் மக்கில்வ்ரே 1983இல் வெளியிட்ட ஆய்வு இக்கலைக்கும் இழிவுக்கும் இடையிலான முரண்பாட்டைப் பதிவு செய்துள்ளது. 1960களின் பிற்பகுதியிற் சாதியொடுக்குமுறைக்கெதிரான போராட்டங்கள் யாழ்ப்பாணத்தில் எழுச்சி பெற்று, 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் தோன்றிய காலச் சூழலில், இழிவாகச் சுமத்தப்பட்ட தொழிலைக் கைவிடுதலும் விடுதலையின் ஒரு கூறாகவே கருதப்பட்டது. ஒரு கலையின் மறைவுக்கு வருந்துவோர், அக்கலை எந்த நிபந்தனையின் பேரில் வாழ்ந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பெண்ணின் குரலும் வேறு கைகளுக்கு மாறியது. யாழ்ப்பாணத்துச் சைவ இறுதிக்கிரியைகளிற் சுண்ணமிடிக்கும்போது மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணம் பாடப்படுகின்றது. இருபது பாடல்கள் கொண்ட அப்பதிகம், இறைவனது திருமஞ்சனத்திற்குப் பொற்சுண்ணம் இடிக்கும் மகளிர் மகிழ்ந்து பாடுவதாக அமைந்தது. அதுவே சாவீட்டிற் பெரும்பாலும் ஆடவர் குரலில் ஒலிக்கின்றது. அவ்வேளை பெண்களின் ஒப்பாரி அடங்கிவிடுகின்றது. அதேபோன்று, முப்பத்தோராம் நாள் நினைவாக அச்சிடப்படும் ‘கல்வெட்டு’ எனும் சிறுநூல்களில் ‘மனைவி புலம்பல்’ என ஒரு பகுதி அமைவது வழக்கம். அதனை ஊர்ப் புலவர் ஒருவர் விருத்தப்பாவில் யாத்துக் கொடுப்பார். அதில் மனைவி கணவனின் புகழையே பாடுவாள். தமையனிடமும் மைத்துனனிடமும் அவள் கேட்ட கேள்விகள் அச்சேறுவதில்லை. எழுத்தறிவும் அச்சும் பரவியபோது புலம்பல் எஞ்சியது, வழக்கு நீக்கப்பட்டது.

5. உடலில்லாத சாவு

இம்மரபு கடந்த கால ஆராய்ச்சிக்குரியது மட்டுமே எனக் கருதுதல் தவறாகும். ஒப்பாரிக்கு ஓர் உடல் தேவை. நடுவீட்டிற் கிடத்தப்பட்ட உடலை விளித்தே அப்பாட்டு எழுகின்றது. தெற்கில் 1987 முதல் 1989 வரையான காலக் கொடுமைகளிலும், 1983 முதல் 2009 வரை நீண்ட போரிலும், பல்லாயிரம் பெண்களுக்கு அவ்வுடல் கிடைக்கவில்லை. கணவன் இறந்தான் என்று பாடினால் தேடுவதைக் கைவிட்டவளாவாள். பாடாதிருந்தால் துயருக்கு வடிவமில்லை. பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்னும் வினாவிற்குப் பழைய மரபில் விடையில்லை. அரசு 2010இல் இயற்றிய தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் இத்தகையோருக்கு இறப்புச் சான்றிதழ் வழங்க வழி செய்தது. பலர் அதனை ஏற்கத் தயங்கினர். ஒருவர் காணாமற்போயுள்ளமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. தாபதநிலைக்கும் இல்லறத்திற்கும் இடையில் இலக்கணம் பெயரிடாத ஒரு நிலையைச் சட்டம் இவ்வாறு ஏற்க நேர்ந்தது.

இந்நிலையிற் புலம்பல் மீண்டும் தெருவுக்கு வந்தது. 1984இல் யாழ்ப்பாணத்திலும் 1990இல் தெற்கிலும் அன்னையர் முன்னணிகள் தோன்றின. 1992இற் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலிற் சிங்களத் தாய்மாரும் மனைவியரும் தேங்காய் உடைத்து வாய்விட்டழுது தெய்வத்திடம் முறையிட்டனர். 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டத்திற் பெண்கள் புகைப்படங்களை மடியில் ஏந்தி, பெயர் சொல்லி விளித்து, எங்கே என்று கேட்டுக் கேட்டு அழுதனர். விளியும் மடங்கி வரும் வினாவும் உறவினரை நோக்காது அரசை நோக்கித் திரும்பின. ஊர்சூழ்வரியின் இடம் மாறியது, அமைப்பு மாறவில்லை.

ஆகவே, வாழ்க்கைத் துணையை இழந்தோரின் பாடலை இசை வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவும், சமூக வரலாற்றின் ஒரு மூலாதாரமாகவும் கொள்ளுதல் இன்றியமையாததாகும். மறைந்துபோன யாழை 1947இல் வெளிவந்த தமது ‘யாழ் நூல்’ வழியாக மீட்டெடுக்க முயன்றவர் சுவாமி விபுலாநந்தர். மறைந்துபோகும் ஒப்பாரியைத் தேடியெடுப்பது அதனினும் எளிய பணியன்று. யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டிலும், மட்டக்களப்பிலும், தப்பொலிக்கும் மலையகத் தோட்டங்களிலும் அதனை இன்னும் அறிந்த மூதாட்டியர் வாழ்கின்றனர். அவர்களிடமிருந்து பாடலைப் பதிவு செய்யும் எமது மாணவர், சொற்களோடு சுருதியையும், சுருதியோடு அவள் எவரை நோக்கிப் பாடினாள் என்பதையும் குறித்துக்கொள்வாராக. அழுகை ஓய்ந்தபின்னும் எஞ்சி நிற்பது அவளது வழக்கே. அதற்குத் தீர்ப்பு இன்னும் வழங்கப்படவில்லை.